நாக்கை அடக்கு: ஒதெல்லோ வீட்டு வழக்கு

வெனிஸ் அரசின் கடிதத்தோடு சைப்ரஸ் வந்திறங்குகிறான் லோடோவிகோ. டெஸ்டிமோனாவுக்கு அவன் தந்தை வழிச் சொந்தம். வந்த சற்று நேரத்திலேயே, அவன் கண்ணெதிரே, தளபதி ஒதெல்லோ தன் மனைவியைக் கை நீட்டி அடிக்கிறான். "இப்படி அடிபட நான் ஒன்றும் செய்யவில்லையே" என்று சொல்லி அழுகிறாள் அவள். லோடோவிகோ திகைத்துப்போகிறான். நான் நேரில் பார்த்தேன் என்று சத்தியம் செய்தாலும் வெனிஸில் இதை ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்கிறான். அவள் அழுகிறாள், சமாதானப்படுத்துங்கள் என்றும் சொல்கிறான். அப்புறம்? அன்று இரவு அதே வீட்டில் விருந்து சாப்பிடுகிறான். சாப்பிட்டு எழுந்து, அடிபட்ட அந்தப் பெண்ணிடமே பணிவாக நன்றி சொல்லி விடைபெறுகிறான். அவளும், நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி என்கிறாள். அவனோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரக் கிளம்பும் ஒதெல்லோ, மனைவி பக்கம் திரும்பி, உடனே படுக்கப் போ, கூட இருக்கும் பெண்ணை அனுப்பிவிடு என்கிறான்.

விடிவதற்குள் அவள் உயிரோடு இல்லை.

முதல் தடவை ஷேக்ஸ்பியரின் இந்த 'ஒதெல்லோ' நாடகத்தைப் படித்தபோது அந்த விருந்தை நான் கவனிக்கவே இல்லை. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒரே ஒரு சொல்தான்: பொறாமை. பரீட்சையில் கேட்டால் அதை எழுது, ஒதெல்லோவின் கீழ் அதிகாரி இயாகோவின் சூழ்ச்சியை எழுது, கைக்குட்டையை எழுது, முடிந்தது. இப்போது படிக்கும்போதெல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் நிற்கிறேன். மேடையில் நமக்கு அது காட்டப்படுவதில்லை. ஆனால் அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள், பரிமாறச் சொன்னாள், கன்னத்தில் தடம் இருந்ததோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

அதனால் இந்த நாடகத்தை ஒரு வழக்குக் கட்டு போலப் புரட்டிப் பார்க்கிறேன். ஒரே இரவில், ஒரே அறையில், இரண்டு மனைவிகள் தத்தம் கணவன் கையால் செத்த வழக்கு. டெஸ்டிமோனாவைக் கணவன் மூச்சுத்திணற வைத்துக் கொன்றான். டெஸ்டிமோனாவின் பணிப்பெண் எமிலியாவை அவள் கணவன் இயாகோ கத்தியால் குத்திக் கொன்றான். இரண்டாவது சாவைப் பற்றிப் பேச்சு குறைவு. எனக்கு வழக்கின் சாவி அங்கேதான் கிடைக்கிறது. இந்த இரண்டு வீடுகளிலும் மனைவி சொன்ன சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்தது என்ற கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

அவள் சொல் அவனைக் காப்பாற்றிய இரவு

நாடகம் மேடையேறியதற்குக் கிடைக்கும் முதல் பதிவு 1604 நவம்பர் 1, லண்டன் வொயிட்ஹால் அரண்மனை, முதலாம் ஜேம்ஸ் அரசரின் முன்னிலை. கதை நடப்பது அதற்கு முந்தைய காலத்தில், சைப்ரஸ் வெனிஸ் கையில் இருந்தபோது. 1571-இல் அந்தத் தீவு துருக்கியரிடம் போய்விட்டது. பார்க்க வந்தவர்களுக்கு அது தெரிந்த செய்திதான்.

முதல் அங்கத்திலேயே ஒரு விசாரணை நடக்கிறது. டெஸ்டிமோனா வீட்டுக்குத் தெரியாமல் ஒதெல்லோவை மணந்துகொண்டாள். அவன் மூர் இனத்தவன், கறுப்பன், வெளியூரான். அவள் அப்பா பிராபன்ஷியோ ஆட்சி மன்றத்தில் வந்து புகார் சொல்கிறார்: இவன் என் மகளுக்கு மந்திரம் போட்டான், மருந்து வைத்தான், இல்லாவிட்டால் அவள் இவனிடம் போயிருப்பாளா? கடுமையான குற்றச்சாட்டு. நிரூபணமானால் தலை தப்பாது. ஒதெல்லோ என்ன செய்கிறான்? அந்தப் பெண்ணுக்கு ஆள் அனுப்புங்கள், அவள் அப்பா முன்னாலேயே அவள் பேசட்டும், அவள் என்னைத் தவறாகச் சொன்னால் என் பதவியை மட்டுமல்ல உயிரையும் எடுங்கள் என்கிறான்.

அவள் வருகிறாள். பேசுகிறாள். அப்பாவுக்கு நான் கடன்பட்டவள்தான், என் அம்மா தன் தந்தையை விட உங்களை எப்படிப் பெரிதாக நினைத்தாளோ அப்படியே நான் இவருக்குக் கடமைப்பட்டவள் என்று சபையில் நிமிர்ந்து நின்று சொல்கிறாள். அத்தனை பெரிய மனிதர்களும் அவள் சொல்லை ஏற்றுக்கொள்கிறார்கள். வழக்கு முடிந்தது. ஒரு பெண்ணின் வாய்ச்சொல் ஒன்றுதான் அன்று ஒதெல்லோவைக் காப்பாற்றியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐந்தாம் அங்கத்துக்குப் போனால் நெஞ்சு பதறுகிறது. அவளுக்கும் துணைத் தளபதி கேசியோவுக்கும் தொடர்பு, கணவன் தந்த கைக்குட்டையை அவனுக்கே கொடுத்துவிட்டாள் என்று இயாகோ ஒதெல்லோவை நம்ப வைத்திருக்கிறான். படுக்கையில் அவள் கேட்பதும் அதே நீதியைத்தான். கைக்குட்டையை நான் கேசியோவுக்குக் கொடுக்கவில்லை, அவனை வரச் சொல்லிக் கேளுங்கள் என்கிறாள். ஆள் அனுப்பு, கேள்: முதல் அங்கத்தில் அவன் கேட்டுப் பெற்ற அதே வாய்ப்பு. அவன் தரவில்லை. கேசியோவின் வாய் அடைத்தாகிவிட்டது, இயாகோ பார்த்துக்கொண்டான் என்கிறான்.

முதல் விசாரணையில் இன்னொன்றும் நடந்தது. தோற்றுப்போன அப்பா போகிற போக்கில் மருமகனைப் பார்த்து, கண் இருந்தால் இவளைக் கவனித்துக்கொள், அப்பனை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மகள் தன் விருப்பப்படி ஒருவனைத் தேர்ந்துகொண்டதற்கு அவர் வைத்த பெயர் ஏமாற்று. பிறகு மூன்றாம் அங்கத்தில் இயாகோ எடுத்துக் கொடுப்பதும் இதே வரிதான்: அவள் தன் தந்தையை ஏமாற்றித்தானே உங்களைக் கல்யாணம் செய்தாள்? ஆமாம், செய்தாள் என்று ஒதெல்லோ தலையாட்டுகிறான். அவனுக்காக அவள் காட்டிய துணிச்சலே அவளுக்கு எதிரான முதல் சாட்சியம். இயாகோ எந்த விஷத்தையும் புதிதாகக் காய்ச்சவில்லை. மாமனார் விட்டுப்போனதை எடுத்து ஊற்றினான், அவ்வளவுதான்.

இயாகோ வீடு

ஒதெல்லோவை மட்டும் பார்த்தால் வழக்கு தவறான திசையில் போகும். கறுப்பன், முரடன், ஆத்திரக்காரன், அதனால் கொன்றான் என்று ஒரு காலம் முழுக்கப் படித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்திலேயே இன்னொரு கணவன் இருக்கிறான். வெனிஸ் ஊர்க்காரன், வெள்ளைக்காரன், எல்லாரும் 'நேர்மையான இயாகோ' என்று அழைக்கும் நல்ல பெயர்க்காரன். அவனும் மனைவியைக் கொல்கிறான். அதுவும் நாலு பேர் முன்னால்.

சைப்ரஸ் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் காட்சியில்தான் இந்தத் தம்பதியை நாம் முதலில் சேர்ந்து பார்க்கிறோம். மரியாதைக்காக கேசியோ எமிலியாவை முத்தமிட்டு வரவேற்கிறான். உடனே இயாகோ, இவள் எனக்கு நாக்கைக் கொடுக்கிற அளவுக்கு உங்களுக்கு உதட்டைக் கொடுத்தால் போதும் போதும் என்றாகிவிடும் என்கிறான். பெண்டாட்டி வாயாடி என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்க வைக்கும் அந்தப் பேச்சு. டெஸ்டிமோனாதான் குறுக்கிட்டு, ஐயோ, அவள் பேசவே இல்லையே என்கிறாள். உண்மையில் எமிலியா அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசாமல் நிற்கிற ஒருத்தியைத்தான் அவன் வாயாடி என்கிறான்.

தொடர்ந்து அவன் பெண்கள் எல்லாரையும் அளக்கிறான். வெளியே வந்தால் சித்திரம், கூடத்தில் மணியோசை, அடுப்படியில் காட்டுப்பூனை, வீட்டு வேலையில் பாசாங்கு என்று அடுக்குகிறான். நீ என் புகழைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எமிலியா அடங்கிவிடுகிறாள். டெஸ்டிமோனா அவளிடம், அவர் உன் கணவராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கற்றுக்கொள்ளாதே என்கிறாள். கல்யாணமாகிச் சில நாள்தான் ஆன பெண், அனுபவப்பட்ட மனைவிக்குச் சொல்கிற புத்திமதி. அவளுக்கு அப்போது கணவர்களைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொல்ல முடிந்தது.

இயாகோவுக்கும் ஒரு சந்தேகம் உண்டு. ஒதெல்லோ தன் படுக்கையில் தன் இடத்தை எடுத்துக்கொண்டான் என்று ஊரில் பேச்சாம். அது உண்மையா என்று தனக்குத் தெரியாது என்று அவனே தனியாகச் சொல்கிறான். ஆனால் வெறும் சந்தேகமே போதும், உறுதியானதுபோலவே நடந்துகொள்வேன் என்கிறான். பெண்டாட்டிக்குப் பெண்டாட்டி என்று கணக்குத் தீர்க்க நினைக்கிறான். ஒருவன் மாட்டை ஒருவன் ஓட்டிப் போனால் பதிலுக்கு அவன் மாட்டை ஓட்டுவது மாதிரி. எமிலியாவுக்கு இந்தச் சந்தேகம் தெரியும். நான்காம் அங்கத்தில் அவளே அதை எடுத்துச் சொல்கிறாள்: எவனோ ஒருத்தன்தான் உன் புத்தியைத் திருப்பி, என்னையும் ஒதெல்லோவையும் சேர்த்துச் சந்தேகப்பட வைத்தான். போடி முட்டாள் என்பதோடு அவன் முடித்துக்கொள்கிறான்.

ஆக, இரண்டு வீட்டிலும் ஒரே கதை. சந்தேகம் கணவனுக்கு வருகிறது. அதைத் தீர்த்துக்கொள்ள அவன் மனைவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்புகிறான்.

ஒரு துண்டுத் துணி

கைக்குட்டை எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஒரே ஒரு இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கிறேன்.

தலை வலிக்கிறது என்று ஒதெல்லோ சொல்ல, டெஸ்டிமோனா தன் கைக்குட்டையால் அவன் நெற்றியைக் கட்டப் போகிறாள். அது சிறியது, பத்தாது என்று அவன் தள்ளுகிறான். கீழே விழுகிறது. இருவரும் போய்விடுகிறார்கள். கணவனின் தலைவலிக்காகத் தவித்த நேரத்தில்தான் அவள் அதைத் தொலைத்தாள். தளபதி பிறகு மறந்துபோகிற விஷயம் இது.

எமிலியா அதை எடுக்கிறாள். ஸ்ட்ராபெரிப் பழம் தையல் போட்ட துணி. இயாகோ நூறு தடவை இதைத் திருடித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். இதேபோல் பூவேலை ஒன்றைப் போட்டு அவனுக்குக் கொடுக்கலாம் என்று அவள் முதலில் நினைக்கிறாள். அவன் இதை வைத்து என்ன செய்வானோ கடவுளுக்குத்தான் வெளிச்சம், எனக்குத் தெரியாது, அவன் ஆசைக்கு நான் செய்கிறேன் என்கிறாள். அந்த நிமிஷம் இயாகோ வருகிறான். உனக்கு ஒன்று வைத்திருக்கிறேன் என்கிறாள். அவள் பேச்சை ஆபாசமாகத் திரித்து, முட்டாள் பெண்டாட்டி வாய்த்திருக்கிறாள் என்று முடிக்கிறான். கைக்குட்டை என்றதும் குரல் மாறுகிறது: நல்ல பெண்ணாச்சே, கொடு. முக்கியமான காரியம் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடு, பாவம், காணாமல் எஜமானியம்மாவுக்குப் பைத்தியமே பிடித்துவிடும் என்கிறாள். இது உனக்குத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளாதே, போ என்கிறான்.

இதில் ஒரு முழுக் குடித்தனம் தெரிகிறது. திட்டு, பிறகு ஒரு தடவை தடவிக்கொடுத்தல், பிறகு போ. அந்த ஒரு 'நல்ல பெண்'ணுக்காக எமிலியா ஏங்கியிருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. தான் தினமும் தலை வாரிவிடும் பெண்ணுக்குத் தீங்கு வரலாம் என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது. இருந்தாலும் கொடுக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து டெஸ்டிமோனா, அந்தக் கைக்குட்டை எங்கே போயிருக்கும் எமிலியா என்று கேட்கும்போது, எனக்குத் தெரியாது அம்மா என்கிறாள். அடுத்த நிமிஷமே ஒதெல்லோ வந்து அந்தக் கைக்குட்டைக்காக வீட்டையே அதிர வைக்கிறான். எமிலியா நின்று பார்க்கிறாள். வாய் திறக்கவில்லை.

அவளை மன்னிக்கலாமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அந்தப் பொய்க்கு அவள் பொறுப்புதான். ஆனால் அவள் காலத்து ஒழுங்கு அவளிடம் கேட்டதும் அதைத்தான்: புருஷன் சொன்னால் செய், புருஷன் ரகசியத்தைக் காப்பாற்று. நல்ல மனைவியாக நடந்துகொண்டாள். அதனால் இன்னொரு மனைவி செத்தாள்.

ஷேக்ஸ்பியருக்கு இந்தக் கதை கிடைத்தது 1565-இல் இத்தாலியில் வெளிவந்த ஜிரால்டி சிந்தியோவின் கதைத் தொகுப்பிலிருந்து. அங்கே கைக்குட்டையைத் திருடுவது இயாகோ இடத்தில் வரும் கணவனே. தன் சின்ன மகளை டெஸ்டிமோனா கையில் கொடுத்துவிட்டு, அவள் குழந்தையைக் கொஞ்சும்போது இடுப்பிலிருந்து உருவிவிடுகிறான். அவன் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். புருஷனுக்குப் பயந்து மூச்சு விடவில்லை. அவன் செத்த பிறகுதான் நடந்ததைச் சொல்கிறாள். அந்தக் கதையில் கொலையும் வேறு மாதிரி: மணல் நிரப்பிய காலுறையால் அடித்துக் கொன்று, கூரையை அவள் மேல் சரித்து விபத்தாக்கிவிடுகிறார்கள். ஷேக்ஸ்பியர் செய்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது எமிலியாதான். புருஷன் சாகும்வரை காத்திருந்து பேசியவளை, அவன் உயிரோடு கத்தியோடு நிற்கும்போதே பேச வைத்தார்.

விசாரணை என்ற பெயரில்

ஒதெல்லோ யாரையும் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. நான்காம் அங்கத்தில் எமிலியாவை நிறுத்தி விசாரிக்கிறான். எதையாவது பார்த்தாயா? பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. கேசியோவும் அவளும் கிசுகிசுத்தார்களா? இல்லவே இல்லை. விசிறி எடுத்து வா, கையுறை எடுத்து வா என்று உன்னை வெளியே அனுப்பினாளா? ஒருபோதும் இல்லை. அவள் கற்புள்ளவள், என் ஆன்மாவைப் பணயம் வைக்கிறேன் என்கிறாள். இவ்வளவு தெளிவான சாட்சி வேறு எந்த வழக்கிலாவது கிடைக்குமா? அவள் போனதும் அவன் சொல்வது: நன்றாகத்தான் பேசுகிறாள், இந்த அளவுகூடப் பேசத் தெரியாத தரகுக்காரி இருப்பாளா.

இயாகோ சொன்னதற்கு என்ன ஆதாரம் கேட்டான்? கண்ணால் காணும் சான்று வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தான், உண்மைதான். கடைசியில் கிடைத்தது ஒரு கனவு. கேசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனா பெயரை உளறினானாம். அப்புறம் அந்தக் கைக்குட்டையால் அவன் தாடியைத் துடைத்ததைப் பார்த்தேன் என்ற ஒரு வாய்ச்சொல். ஆணின் வாய்ச்சொல் சான்றாகிவிட்டது. பெண் ஆன்மாவையே பணயம் வைத்தும் தரகுக்காரி ஆனாள்.

அவனுக்குள் என்ன ஓடுகிறது என்பதையும் அவனே சொல்கிறான். இந்த மென்மையான உயிர்களை நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் ஆசைகள் நமக்குச் சொந்தமில்லையே, இதுதான் கல்யாணத்தின் சாபம் என்று புலம்புகிறான். நான் நேசிக்கும் பொருளில் ஒரு மூலையை மற்றவர் புழங்க விடுவதைவிட, நிலவறைப் புழுக்கத்தில் கிடக்கும் தேரையாக இருந்துவிடலாம் என்கிறான். பொருள் என்றுதான் சொல்கிறான். ஆட்சி மன்றத்தில் அவள் பேச்சைக் கேட்டு மயங்கி நின்ற அதே ஆள். நான் கறுப்பன், வயதும் ஆகிவிட்டது, நயமாகப் பேசத் தெரியாது என்று அவன் தன்னைத் தானே குறைத்துப் பேசும் வரிகளைப் படிக்கும்போது எனக்கு அவன் மேல் இரக்கம் வராமல் இல்லை. வெனிஸ் அவனை அவ்வளவு காயப்படுத்தியிருக்கிறது. ஆனால் அந்தக் காயத்தை அவன் இறக்கி வைத்த இடம் அவனை மனதார ஏற்றுக்கொண்ட ஒரே ஆளின் கழுத்து.

டெஸ்டிமோனாவுக்குப் போக இடம் இருந்ததா? அப்பா வீட்டுக் கதவு முதல் அங்கத்திலேயே அடைபட்டுவிட்டது. கணவன் போருக்குப் போனால் இவள் எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தபோது, என் வீட்டில் வேண்டாம் என்றார் அவர். இத்தனை நல்ல வரன்களை விட்டு, தந்தையை, தேசத்தை, சொந்தபந்தத்தை விட்டு வந்தது வேசி என்ற பேச்சுக் கேட்கவா என்று எமிலியா கொதிக்கிறாள். டெஸ்டிமோனா உதவி கேட்டு மண்டியிடுவது யாரிடம் தெரியுமா? இயாகோவிடம். அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

கூந்தலை அவிழ்த்த நேரம்

கொலைக்கு முந்தைய காட்சியில் இரண்டு பெண்கள் மட்டும். எமிலியா அவள் உடை ஊசிகளைக் கழற்றிவிடுகிறாள். படுக்கையில் கல்யாண விரிப்பைப் போடச் சொல்லியிருந்தாள் டெஸ்டிமோனா. நான் உனக்கு முன்னால் செத்தால் அதே விரிப்பில் என்னைச் சுற்று என்கிறாள். அம்மாவிடம் வேலை பார்த்த பார்பரி என்ற பெண்ணை நினைத்துக்கொள்கிறாள். காதலித்தவன் கைவிட, 'வில்லோ' எனப்படும் அலரி மரப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே செத்துப்போனவள். அந்தப் பாட்டு இன்றைக்கு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது என்கிறாள். பாடுகிறாள். நடுவில் நிறுத்தி, யாரோ கதவைத் தட்டுகிறார்களே என்கிறாள். காற்றுதான் அம்மா என்கிறாள் எமிலியா.

கணவனுக்குத் துரோகம் செய்யும் பெண்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று அவள் கேட்க, அதற்குப் பதிலாக எமிலியா பேசும் பேச்சுதான் இந்த நாடகத்தின் நெஞ்சு. மனைவிகள் தவறினால் அது கணவர்களின் குற்றம் என்கிறாள். தங்கள் கடமையைக் கைவிட்டு வேறு மடியில் கொட்டுகிறார்கள், காரணமில்லாமல் சந்தேகப்பட்டு அடைத்து வைக்கிறார்கள், அடிக்கிறார்கள், செலவுக்குத் தருவதைக் குறைக்கிறார்கள். நமக்கும் கோபம் உண்டு. மனைவிகளுக்கும் தங்களைப் போலவே புலன் உண்டு, பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், இனிப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும் என்று கணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். முன்பு ஒரு தடவை, ஆண்கள் வெறும் வயிறு, நாம் வெறும் சோறு, பசிக்குத் தின்று நிறைந்ததும் ஏப்பமாக வெளியே தள்ளுகிறார்கள் என்று சொன்னவளும் இவள்தான்.

நாடகம் முதலில் அச்சான 1622 பதிப்பில் இந்தப் பேச்சு இல்லை, அலரிப் பாட்டும் இல்லை. மறு வருஷம், 1623-இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில்தான் இரண்டும் இருக்கின்றன. காரணத்தைப் பற்றி அறிஞர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். எனக்கு உறைப்பது ஒன்றுதான்: கதைக்குள் இயாகோ அடக்கிய வாய், அச்சுக்கூடத்திலும் ஒரு பதிப்பில் அடங்கியிருக்கிறது.

அன்றைய லண்டன் பார்வையாளர்கள் வாழ்ந்த சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலை ஆகாது. 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது துரோகக் குற்றம், தண்டனை எரித்துக் கொல்வது. கணவன் மனைவியைக் கொன்றால் சாதாரணக் கொலை. இந்த வேறுபாடு 1828 வரை ஏட்டில் இருந்தது. மனைவி கணவனுக்கு எதிராகவோ ஆதரவாகவோ சாட்சி சொல்ல முடியாது என்பதை எட்வர்ட் கோக் 1628-இல் தன் சட்ட நூலில் எழுதி வைத்தார். எமிலியா அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்பதன் கனம் இதைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசி அறை

நாளைக்குக் கொல்லுங்கள், இன்று இரவு வாழ விடுங்கள். அரை மணி நேரம். ஒரு பிரார்த்தனை சொல்லும் நேரம். அவள் கேட்ட அவகாசம் இப்படிக் குறைந்துகொண்டே வருகிறது. அவன் அதையும் தரவில்லை.

1610-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதைப் பார்த்த ஹென்றி ஜாக்சன் என்பவர் லத்தீனில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். டெஸ்டிமோனாவாக நடித்தது ஒரு பையன். அக்காலத்தில் மேடையில் பெண்கள் கிடையாது. அவள் தன் தரப்பை எப்போதும் நன்றாகவே வாதாடினாள், ஆனாலும் கொல்லப்பட்டுப் படுக்கையில் கிடந்தபோது அந்த முகம் மட்டுமே இன்னும் அதிகமாக உருக்கியது என்கிறார். நல்ல ரசிகர்தான். ஆனால் அவருக்கும், பேசியபோது எழுந்ததைவிடப் பெரிய இரக்கம் பேச்சு நின்ற பிறகுதான் எழுந்தது.

கதவைத் தட்டி எமிலியா உள்ளே வரும்போது உயிர் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. யார் செய்தது என்று கேட்கிறாள். யாருமில்லை, நானேதான், என் அன்பான கணவரிடம் சொல்லிவிடு என்று முடிகிறது அவள் மூச்சு. அவள் வாழ்நாளில் சொன்ன உண்மையை எல்லாம் பொய் என்ற ஒதெல்லோ, அவனைக் காப்பாற்ற அவள் சொன்ன இந்தப் பொய்யை மட்டும் உடனே பிடித்துக்கொள்கிறான். நான் கொல்லவில்லை என்று அவளே சொன்னதைக் கேட்டாயல்லவா? அடுத்த மூச்சில், பொய்க்காரி, நரகத்துக்குப் போனாள், கொன்றது நான்தான் என்கிறான். இறந்தவளின் கடைசிக் கருணையும் அவளுக்கு எதிரான குற்றமாக மாறிவிட்டது.

அப்புறம் எமிலியாவின் நேரம். உன் கணவனுக்கு எல்லாம் தெரியும் என்கிறான் ஒதெல்லோ. "என் கணவனா?" என்கிறாள். அவன் விவரம் சொல்கிறான். "என் கணவனா?" மறுபடி சொல்கிறான். மறுபடியும் "என் கணவனா?" எதற்கடி இதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறாய், உன் கணவன்தான் என்று அவன் எரிந்து விழுகிறான். அவள் கேட்பது அவனிடம் இல்லை. இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்த ஆளை அப்போதுதான் அவள் முதல் முறையாகப் பார்க்கிறாள்.

ஒதெல்லோ வாளை ஓங்கி மிரட்டுகிறான். நீ எனக்குச் செய்யக்கூடிய தீங்கைவிட அதைத் தாங்கும் பலம் எனக்கு அதிகம் என்று சொல்லிவிட்டு ஊரைக் கூட்டுகிறாள். இயாகோ வருகிறான், மற்றவர்களும் வருகிறார்கள். போ, நாக்கை அடக்கு என்கிறான். துறைமுகத்தில் நாக்கை வைத்துக் கேலி செய்தவன், இப்போது அதே நாக்குக்குப் பயப்படுகிறான். அடக்க மாட்டேன், பேசியே ஆக வேண்டும் என்கிறாள். வீட்டுக்குப் போ என்று கட்டளை. ஐயா மாரே, என்னைப் பேச விடுங்கள் என்று அங்கிருக்கும் ஆண்களிடம் அனுமதி கேட்கிறாள். அவனுக்குக் கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது இல்லை. "இயாகோ, நான் இனி வீட்டுக்கே வராமல் போகலாம்."

கைக்குட்டை என்ற சொல் ஒதெல்லோ வாயிலிருந்து வந்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. நான்தான் கண்டெடுத்தேன், என் புருஷனிடம் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறாள். தன் தவறையும் சேர்த்தே சொல்கிறாள். அதற்கு முன்பே ஒரு தடவை குத்த வந்தான் இயாகோ. ஒரு பெண் மேல் வாளா என்று தடுத்தார்கள். இந்த முறை குத்திவிட்டு ஓடுகிறான். அறை நிறைய ஆண்கள், ஆயுதங்களோடு. அவள் வாய் திறந்ததால்தான் கேசியோ குற்றமற்றவன் என்று தெரிந்தது, கைக்குட்டையின் கதை தெரிந்தது, இயாகோ பிடிபட்டான். மொத்த வழக்கிலும் உண்மை சொன்ன ஒரே நேரடிச் சாட்சி அவள். பிடிபட்ட இயாகோவோ, இனிமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவன் மௌனத்தைத் திறக்கச் சித்திரவதை உண்டு என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஒதெல்லோ சாவதற்கு முன் தன்னைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று நீளமாகச் சொல்கிறான். அறிவோடு நேசிக்காமல் அளவுக்கு மீறி நேசித்தவன் என்று எழுதுங்கள் என்கிறான். அந்தப் பேச்சில் டெஸ்டிமோனாவின் பெயர் இல்லை; கை தவறி எறிந்த முத்து ஒன்று இருக்கிறது. மானத்துக்காகக் கொன்றவன் என்று சற்று முன் தனக்கே ஒரு பட்டமும் கொடுத்திருந்தான். லோடோவிகோ, அந்த விருந்துக்கு வந்தவன், ஒதெல்லோவின் சொத்துக்களைக் கைப்பற்றச் சொல்லிவிட்டு, வெனிஸுக்குப் போய் இந்தத் துயரத்தைச் சொல்லக் கிளம்புகிறான்.

எமிலியாவின் பெயரை அவள் இறந்த பிறகு அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை. குத்துப்பட்டு விழுந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்: என் எஜமானியம்மா பக்கத்தில் என்னைக் கிடத்துங்கள். அதற்கு யாரும் ஒரு வார்த்தை பதில் சொன்னதாக நாடகத்தில் இல்லை. அவள் அலரிப் பாட்டின் ஒரு வரியைத் தானே பாடுகிறாள், மனதில் பட்டதைப் பேசிக்கொண்டே சாகிறேன் என்கிறாள், சாகிறாள்.